பவளத் தொட்டித் தண்ணீருக்கு எர்த் கொடுக்கலாமா, கூடாதா?

பவளப்பித்தன்:
வணக்கம். வீட்டில் வைத்திருக்கும் பவளத் தொட்டியைப் பற்றி ஒரு குழப்பம். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தால் 38 வோல்ட் ஏ.சி. காட்டுகிறது. மேலே தொங்கும் விளக்கை அணைத்தால் 20க்கு இறங்கிவிடுகிறது. மீன்களும் பவளங்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. தண்ணீரில் கை விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரை எர்த்தோடு சேர்க்கும் டைட்டானியம் எர்த் கம்பி ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அதைப் போட்டால்தான் ஆபத்தே என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது? அப்புறம், விளக்கையும் மாற்றப் போகிறேன். பழைய 250 வாட் மெட்டல் ஹாலைடு ஒன்று கைக்கு வருகிறது.

உப்புக்காற்று:
எர்த் கம்பி வேண்டாம் நண்பரே. மின்சாரம் ஓட வேண்டுமானால் போவதற்கு ஒரு வழி வேண்டும். கண்ணாடித் தொட்டி தனியாக நிற்கிறது, மின்கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி. அதனால்தான் உங்கள் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எர்த்தைக் கொண்டுபோய்ப் போட்டால், இல்லாத வழியை நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

மீனை விடுங்கள், உங்களைப் பற்றி யோசியுங்கள். தொட்டியில் கை வைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு கை தண்ணீருக்குள் பவளத்தைப் பிடித்திருக்கும். இன்னொரு கை, இடிக்கிறதே என்று மேலே இருக்கும் விளக்கை ஒதுக்கும். அந்த விளக்கின் உலோக உடம்பில் ஃபேஸ் இறங்கியிருந்தால்? மேல் கையில் ஏறி, நெஞ்சு வழியாக, தண்ணீரில் இருக்கும் கையால் எர்த்துக்குப் போகும். தண்ணீருக்கு எர்த் இல்லையென்றால் அந்தப் பாதை கிடையாது.

மின்கம்பி:
வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன விளக்குக் கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டுக்கு மட்டும்தான் அது முழு உண்மை.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது? ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் துண்டித்துவிடும். இப்போது ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டது என்று வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்காமல் விட்டு, நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் நடக்கக்கூடியதுதான். தண்ணீர் முழுவதும் ஃபேஸ். ஆனால் போக வழி இல்லாததால் வித்தியாசமே இல்லை, ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும். நீங்கள் வெறுங்காலோடு வந்து கை விடுகிற வரை இருக்கும். அதுவரை போடாமல் விட்ட எர்த் கம்பி நீங்கள்தான்.

இன்னொன்று. 30 மில்லிஆம்பியர் என்பதால் உடம்பில் அவ்வளவுதான் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆர்.சி.சி.பி. நேரத்தைத்தான் குறைக்கும், கரண்டை அல்ல. நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டுக்கு அந்தக் கணத்தில் 230 மில்லிஆம்பியர் பாயும். எர்த் கம்பி இருந்தால் ஹீட்டர் விரிசல் விட்ட நிமிடமே, வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும், லைன் துண்டாகிவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் 38 வோல்ட் பெரும்பாலும் பேய் வோல்ட்டேஜ். பம்ப்பின் காயிலும் (கம்பிச்சுருள்) விளக்கின் வயரும் தண்ணீருக்கு அருகில் இருப்பதால் தூண்டப்படுவது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை மிக அதிகம், அதனால் அதையும் காட்டும். சோதிக்க வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே மாட்டுங்கள். பிறகு மெயினைப் போட்டு, கையைத் தூர வைத்துக்கொண்டு அளவைப் பாருங்கள். ஒரு வோல்ட் அளவுக்குச் சரிந்தால் பேய். பத்து, இருபது வோல்ட் நின்றால் நிஜமான லீக்கேஜ்.

உப்புக்காற்று:
ஆள் இல்லாத நேரத்தில் துண்டாகும் என்பதை நன்மையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பயம். ராத்திரி ட்ரிப் ஆனால் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், அலை எழுப்பும் வேவ்மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் நிற்கும். அலை இல்லாத தொட்டியில், அதுவும் மீன் நெருக்கமாக இருந்தால், சில மணி நேரத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். காலையில் பார்ப்பது தொட்டியாக இருக்காது.

கோளாறே இல்லாமலும் ட்ரிப் ஆகும். ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவரும், ஒவ்வொரு டி.சி. பம்ப் அடாப்டரும் தனக்குள் இருக்கும் மின் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். 30 என்று எழுதிய ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். என் தொட்டியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேறு ஓடுகிறது. எனக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

கடல்சாமந்தி:
இரண்டு பேரும் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். லைனைப் பிரியுங்கள். ஹீட்டர், ஒரு வேவ்மேக்கர் ஒரு ஆர்.சி.சி.பி.யில். ரிட்டர்ன் பம்ப், விளக்கு இன்னொன்றில். ஒன்று விழுந்தாலும் தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும். கூடவே கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. வாங்கும்போது டைப் ஏ என்று பார்த்து வாங்குங்கள். டைப் ஏசி வெறும் ஏ.சி. லீக்கேஜைத்தான் நம்பிக்கையாகப் பிடிக்கும். நம் தொட்டியில் ஓடுவதோ பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ்.

நீங்கள் இருவருமே பேசாத ஒன்று தீ. தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியான சம்ப்புக்குப் பக்கத்தில் மாட்டிய எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைச் சமீபத்தில் கழற்றிப் பார்த்தேன். வெளியே லேசாக வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். பிளக்கை உருவினால் பின்னில் பச்சைக் களிம்பு, ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாலம் போடுகிறது. அந்தக் கரண்ட் நியூட்ரலிலேயே திரும்புவதால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. ஆரம்பத்தில் அளவு குறைவு என்பதால், கரண்ட் அளவுக்கு மீறினால் மட்டும் விழும் எம்.சி.பி.க்கும் தெரியாது. போர்டு சம்ப் அலமாரிக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், சாக்கெட்டுக்குள் போகாது.

மெட்டல் ஹாலைடு வேண்டவே வேண்டாம், தம்பி. பற்ற வைக்கும்போது சில ஆயிரம் வோல்ட் பல்பு வரை வருகிறது, அதுவும் தண்ணீருக்கு நேர் மேலே. சூடான கண்ணாடியில் ஒரு துளி தெறித்தால் வெடிக்கலாம். இருமுனை பல்பாக இருந்தால் யு.வி. தடுக்கும் கண்ணாடி இல்லாமல் பவளமே வெந்துவிடும். பவளத்துக்கு அந்த ஒளி அருமையாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் இன்றைய எல்.இ.டி.யிலேயே கடினப் பவளத்துக்கு வேண்டிய 200 முதல் 350 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) கிடைக்கிறது. மாற்றும்போது குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வெளுத்துவிடும்.

மின்கம்பி:
லைனைப் பிரிப்பது நல்ல யோசனை, அதையே நானும் சொல்வேன். டைமர் பற்றி ஒரு வார்த்தை. எல்.இ.டி. அடாப்டர் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு. மலிவான டைமரின் ரிலே முனைகள் அதில் ஒட்டிக்கொள்ளும், விளக்கு விடிய விடிய எரியும். விளக்கிலேயே இருக்கும் கன்ட்ரோலரைப் பயன்படுத்துங்கள்.

உப்புக்காற்று சார், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சில்லரில் இருப்பது டைட்டானியம் காயில், மூன்று முள் பிளக். சரிதானே? அப்படியானால் காயில் பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். உங்கள் தண்ணீரை அளந்து பாருங்களேன்.

உப்புக்காற்று:
அளந்தேன். ஒரு வோல்ட்டுக்கும் கீழே. சில்லர் பிளக்கைப் பிடுங்கினால் 30ஐத் தாண்டுகிறது.

சரி, என் தண்ணீர் எர்த்தில்தான் இருக்கிறது. இதனால் நான் சொன்ன விளக்கு விஷயம் இன்னும் அவசரமாகிறது, குறையவில்லை. சில்லரோ டைட்டானியம் ஹீட்டரோ வைத்திருப்பவர்கள் பலருக்குத் தங்கள் தண்ணீர் எர்த்தில் இருப்பதே தெரியாது. அவர்கள் தொடும் விளக்கின் உடம்புக்கும் எர்த் இருக்க வேண்டும், அல்லது அந்த விளக்குக்குள் வீட்டு மின்சாரமே வரக்கூடாது. 24 அல்லது 48 வோல்ட் டி.சி.யில் ஓடும் விளக்கை வாங்கி, அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். தொட்டி விளிம்பிலோ விளக்கின் தலையிலோ வைக்காதீர்கள். விழுந்தால் ஆளைக் கொல்வது அடாப்டர்தான். விளக்கு விழுந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதிலிருந்து கரையும் செம்பு இறாலையும் நத்தையையும் தீர்த்துவிடும். அதனால் இரண்டு தனித்தனிக் கம்பியில் தொங்கவிடுங்கள், வயரில் அல்ல.

பவளப்பித்தன்:
ரெசிஸ்டர் மாட்டி அளந்துவிட்டேன். 38 வோல்ட் 0.6க்கு வந்துவிட்டது. ஹாலைடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் இதுவரை எம்.சி.பி. மட்டும்தான். எர்த் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதே போட்டுவிடலாமா?

மின்கம்பி:
கூடாது. ஆர்.சி.சி.பி. இல்லாமல் எர்த் கம்பி போட்டால் உப்புக்காற்று சார் முதலில் சொன்னது அப்படியே நடக்கும். எம்.சி.பி. அந்த ஷாக்கைக் கண்டுகொள்ளாது. வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு முதலில் இரண்டு ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்றும் அவரையே அளக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி இரண்டும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே எர்த் கம்பியைப் போடுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு தடவை அந்தப் பட்டனை அழுத்துங்கள்.

உப்புக்காற்று:
விளக்கின் உடம்புக்கு எர்த் வருகிறதா என்பதையும் அவர் போவதற்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.