குதிரை ஏற்றும் பழைய லாரியை கேம்பராக (உள்ளே தங்கிப் பயணிக்கும் வண்டியாக) மாற்றும்போது தரையை என்ன செய்வது?

கேள்வி:
பழைய மரப்பெட்டி லாரி. ரப்பர் பாய்க்கு அடியில் பலகை கறுத்துக் கிடக்கிறது, மூத்திர வாடை போகவில்லை. அதன் மேலேயே பிளைவுட் அடித்துவிடலாமா? குதிரை ஏறி இறங்கும் பின்பக்கச் சாய்தளத்தைத் திண்ணை மாதிரி பயன்படுத்தவும் ஆசை.

பதில் 1:
தயவுசெய்து மூடிவிடாதீர்கள். பாயை முழுக்க உரித்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பலகையைக் குத்திப் பாருங்கள், முக்கியமாக ஓரங்களிலும் போல்ட்டைச் சுற்றியும். முனை மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகை போச்சு. அதைவிடப் பெரிய கவலை இரும்புதான். மூத்திரம் இடுக்கு வழியாக வடிந்து பலகையைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தில் தங்கும். கீழே படுத்துப் பார்த்தால் பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், மேலே துரு செதில் செதிலாக உரியும். பலகையைக் கழற்றினால்தான் தெரியும். சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, துரு தடுக்கும் பிரைமர் அடியுங்கள். பிறகு 18 மி.மீ. மெரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பிளைவுட்) போடுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு எபாக்சி பிசின் இரண்டு கோட்டிங் கட்டாயம், தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

பதில் 2:
சாய்தளம் திறந்திருக்கும்போது, அதைத் தூக்க உதவும் ஸ்பிரிங்கின் போல்ட்டில் கை வைக்காதீர்கள். விசை முழுக்க அப்போதுதான் ஏறியிருக்கும். திண்ணையாக்கினால் வெளிமுனைக்கு அடியில் இரண்டு கால் கொடுங்கள், கீல் மட்டும் தாங்காது.

பதில் 3:
கேம்பரில் தண்ணீர்த் தொட்டி வைப்பதானால் எடையையும் பாருங்கள்: 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. தொட்டியைத் தாழ்வாக, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும்.