ஆச்சியின் பேச்சு போனுக்குப் புரியவில்லை. பதிவு செய்து வைப்பது எப்படி?

அம்பை பேரன்:
ஆச்சிக்கு 78 வயது, அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் வாய்ஸ் மெசேஜ் கேட்க முடியாது. அதனால் மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும் வசதியைப் பொங்கலுக்குப் போனபோது பழக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஒரு செய்தி: "செலவு பிஞ்சு போச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா." அவள் சொன்னது சொளவு. முறத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். இன்னொரு நாள், "ரெண்டு நாளா குறுக்கு வழி" என்று வந்தது. எனக்கு ஒன்றும் விளங்காமல் விட்டுவிட்டேன். ராத்திரி போன் போட்டபோதுதான் தெரிந்தது, அவள் சொன்னது குறுக்கு வலி. இடுப்பு வலியில் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறாள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் சித்திக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "பைய வா" என்றாள். திரையைப் பார்த்தாள். அழித்துவிட்டு, "மெதுவாக வா" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. எது புரியும், எது புரியாது என்று அவளே கண்டுபிடித்து, இத்தனை வருஷப் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. நானும் சென்னைக்கு வந்து பேச்சை மாற்றினவன்தான், ஆனால் அது பிழைக்க வந்த இடம். ஆச்சி தன் வீட்டுத் தார்சாவில் இருந்துகொண்டு ஏன் மாற்ற வேண்டும்?

அவள் பேச்சைப் பதிவு செய்யப் போகிறேன். எப்படிச் செய்தால் பிற்பாடு மெஷினுக்கும் உதவும்?

சங்கரன்கோவில் வாத்தியார்:
தம்பி, சொளவு, பைய, வெள்ளென என்று சொற்களை மட்டும் சேர்த்தால் போதாது, வினைகளைக் கவனியுங்கள். நிகழ்காலத்துக்கு நன்னூல் சொல்லும் ஆநின்று, கின்று, கிறு மூன்றிலும் நம் "சொல்லுதேன், செய்யுதேன்" அடங்காது. அதே வாய்தான் பார்க்கிறேன் என்பதைப் "பாக்கேன்" என்கிறது. இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிள்ளைகள் வாயில் "சொல்லுதேன்" வந்தால் திருத்திக்கொண்டே இருந்தேன். எழுத்தில் திருத்தியது சரி. பேச்சிலும் திருத்தியதற்கு இப்போது வருந்துகிறேன்.

ஒலிக்கோப்பு:
பேச்சை எழுத்தாக்கும் வேலையில்தான் இருக்கிறேன். மெஷின் கற்பது ஒலியும் அதன் எழுத்தும் ஜோடியாகக் கிடைத்தால்தான். மொசில்லா 2017-இல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்புத் திட்டத்தில் தமிழும் உண்டு, யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் திரையில் வரும் வாக்கியத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். எழுத்துத் தமிழை வாசித்தால் உங்கள் ஆச்சி வாயிலிருந்தும் "சொல்கிறேன்"தான் வரும். அதனால் வாசிக்கச் சொல்லாதீர்கள், பேசவிடுங்கள். ஃபேன் அணைத்திருக்கட்டும். பிறகு துண்டு துண்டாகக் கேட்டு எழுதுங்கள். "பாக்கேன்" என்றால் பாக்கேன்தான், திருத்திவிட்டால் அந்தப் பதிவு வீண். வெளியே கொடுப்பதற்கு முன்பு ஆச்சியிடம் சம்மதம் கேளுங்கள். குரலும் அவள் சொத்துதான்.

உடன்குடிப் பக்கத்து ஆள்:
அண்ணாச்சி, சும்மா பேசச் சொன்னால் பேச மாட்டார்கள். கைவேலையைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் அப்பா பனையேறி. அருவாப்பெட்டி, பாளை சீவுவது, பதனி புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது என்று தொடங்கினால் நிறுத்த மாட்டார். பதனி கருப்பட்டியாக இறுகுவதற்கு முன் பாகாக இருக்கும்போது அதற்குக் கூப்பனி என்று பேர். அதை இறக்கும் பக்குவத்தை விரலால் தொட்டுக் காட்டிச் சொல்வார். நான் பதிவு செய்யவில்லை. அவர் இப்போது இல்லை.

அம்பை பேரன்:
அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். வடகம் போடுவது எப்படி என்று கேட்டேன், 40 நிமிஷம் பேசினாள். சம்மதமும் கேட்டேன். "நான் பேசுதத யாருல கேப்பா?" என்றாள். அப்புறம், சரி கொடு என்றாள். இதுவரை 6 நிமிஷம் எழுதி முடித்திருக்கிறேன். வாத்தியார் சார், கேட்டபடியே எழுதியிருக்கிறேன், ஒருதடவை பார்த்துச் சொல்வீர்களா?