ராயபுரத்துல சின்ன ரூம், ஒரு குரல், ஒரு கிடார்: எட்டுப் பாட்டு ஆல்பத்தை எப்படி ரெக்கார்ட் பண்றது?

கடலோரக் கிடார்:
வணக்கம். நானே எழுதி மெட்டுப் போட்ட எட்டுப் பாட்டு. என் குரலும் நைலான் கிடாரும் மட்டும்தான், வேற வாத்தியம் வேண்டாம். கேக்கிறவங்க பக்கத்துல உக்காந்து மெதுவா பாடுற மாதிரி இருக்கணும். ரூம் முதல் மாடி, பத்துக்குப் பத்து அடி, மொசைக் தரை. ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிறது), ஒரு எஸ்.எம்.58 (மேடையில கையில பிடிச்சுப் பாடுற டைனமிக் மைக்), ரெண்டு மைக்கை லேப்டாப்போட இணைக்கிற இன்டர்ஃபேஸ், லேப்டாப் இருக்கு. இப்போ மூணு பிரச்சினை. குரல் பாத்ரூம்ல பாடின மாதிரி கேக்குது. ஏ ஸ்ட்ரிங்கைத் தொட்டாலே கும்முனு வீங்குது. ராத்திரி ஹார்பர் டிரெய்லர் போறப்போ அடியில ஒரு உறுமல். குரலையும் கிடாரையும் தனித்தனியா எடுக்கலாமா, சேர்த்தா?

பெரம்பூர் ஒலி:
ஏ ஸ்ட்ரிங் வீங்குறது கிடார் கோளாறு இல்லம்மா, ரூம் கோளாறு. பத்து அடின்னா சுமார் 3.05 மீட்டர். அந்த நீளத்துக்கு எதிரெதிர்ச் சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ்லயும் 112 ஹெர்ட்ஸ்லயும் சத்தம் தேங்கி நிக்கும். ஏ ஸ்ட்ரிங் 110. ரூம் சதுரமா இருக்கிறதால நீளம், அகலம் ரெண்டும் ஒரே இடத்துல தூக்கிக் கொடுக்குது. 112 ரொம்ப பலமா இருக்கிறது சுவரை ஒட்டியும் ரூமுக்கு நட்ட நடுவுலயும். அடங்குறது கால்வாசி தூரத்துல. அதனால ரெண்டு சுவர்ல இருந்தும் ரெண்டரை அடி தள்ளி கிடாரும் மைக்கும் வர மாதிரி, மூலைக்கு முதுகு காட்டி உக்காருங்க. அரை அடி முன்ன பின்ன நகர்ந்து ஏ ஸ்ட்ரிங்கை மட்டும் மீட்டிப் பாருங்க, காதுக்கே தெரியும்.

பாத்ரூம் எதிரொலிக்கு முட்டை அட்டை ஒட்டாதீங்க, அதுல பிரயோஜனமே இல்ல. ஒரு இஞ்ச் ஃபோம் கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்னுட்டு நடுவுல இருக்கிற கூவலை விட்டுடும். நாலு இஞ்ச் இலவம் பஞ்சு மெத்தை ரெண்டு இருந்தா அந்த மூலையில உங்க முதுகுக்குப் பின்னாடி நிமிர்த்தி வையுங்க. நிறைய பேர் மைக்குக்குப் பின்னாடி வைக்கிறாங்க, அது தப்பு. கார்டியாய்ட் மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தை மட்டும் அதிகமா பிடிக்கிற மைக், பாக்கிறது உங்களையும் உங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும்தான். தரைக்கு ஜமுக்காளம் ரெண்டா மடிச்சுப் போட்டா போதும், கோரைப்பாய் பத்தாது.

காசிமேடு ஸ்ருதி:
சேர்த்தே எடுங்க. இந்த மாதிரி ஆல்பத்துல குரல் தயங்கினா கிடாரும் தயங்கணும். கிளிக் (காதுல தாளம் தட்டுற சத்தம்) வச்சு தனித்தனியா எடுத்தா அது போயிடும்.

எஸ்.எம்.58-ஐ வாயில இருந்து எட்டு சென்டிமீட்டர்ல வையுங்க, நேரா இல்லாம கொஞ்சம் ஓரமா. கண்டென்சரைத் தாடைக்குக் கீழே, கிடாரோட பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் (கழுத்துல இருக்கிற குறுக்குக் கட்டை) பார்த்து இருபது சென்டிமீட்டர்ல கீழ்நோக்கிச் சாய்ச்சு வையுங்க. அப்போ அதோட முதுகு உங்க வாய்ப்பக்கம் திரும்பி குரல் கம்மியா விழும். ரெண்டு ட்ராக்கையும் மோனோல போட்டு, ஒண்ணோட போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்க, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்குற பட்டன். எது நிறைவா கேக்குதோ அதை வச்சுக்கோங்க. ரெண்டுலயுமே குரல் ஒல்லியானா கிடார் மைக்கை அஞ்சு சென்டிமீட்டர் நகர்த்துங்க. இன்னொண்ணு, கிடார் மைக்லயும் குரல் இருக்கிறதால அப்புறம் சுருதி திருத்த முடியாது. ஒவ்வொரு பாட்டையும் முழுசா மூணு தடவை பாடி, வெட்டுறதா இருந்தா ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல மூச்சு விடுற இடத்துல வெட்டுங்க.

தண்டையார்பேட்டை மிக்ஸ்:
சேர்த்து எடுக்கிறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. மைக்கை மட்டும் மாத்திப் போடுங்கன்னு சொல்வேன். முணுமுணுப்பா பாடுற குரலுக்கு 58-ல கெய்னை (மைக் சத்தத்தைப் பெருக்குற அளவு) 55, 60 டெசிபல் வரைக்கும் ஏத்த வேண்டி வரும். விலை கம்மியான இன்டர்ஃபேஸ்னா 'ஸ்ஸ்'னு இரைச்சல் ஏறிடும். கண்டென்சரைக் குரலுக்கு வச்சா உதடு பிரியுற சத்தம்கூடக் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியது அதுதானே.

ஆனா நம்ம ஏரியா உப்புக்காத்துல ஒரு ஆபத்து இருக்கு. ஃபேனை நிறுத்தின ரூம்ல கிட்ட நின்னு பாடினா மூச்சு ஈரம் மைக்குக்குள்ள சத்தத்தைப் பிடிக்கிற கேப்ஸ்யூல்ல படிஞ்சு நெய் பொரியுற மாதிரி பட்பட்டுனு வரும். அதை எந்த சாஃப்ட்வேரும் சுத்தமா எடுக்காது. பாப் ஃபில்டரை (மூச்சுக்காத்தைத் தடுக்கிற வலை) நடுவுல வச்சு பதினஞ்சு சென்டிமீட்டர் தள்ளிப் பாடுங்க. ரெண்டு டேக்குக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஃபேன் போட்டு ரூமைக் காய விடுங்க. வேலை முடிஞ்சதும் மைக்கை சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல மூடி வையுங்க.

வியாசை:
டிரெய்லர் உறுமல் பாதி ஜன்னல் வழியா வர்றதில்ல, தரை வழியா ஸ்டாண்டுக்கு ஏறுது. ஸ்டாண்ட் கால் மூணுக்கும் அடியில போர்வையை நாலா மடிச்சுப் போடுங்க. குரல்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடலாம். கிடார்ல 70-க்கு மேல ஏத்தாதீங்க, கீழ் ஈ ஸ்ட்ரிங்கே 82. மிச்சத்துக்கு லாரி போற வரைக்கும் காத்திருக்கிறதுதான் வழி. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா வார்த்தை முடியுற இடமெல்லாம் தண்ணிக்குள்ள பேசின மாதிரி ஆயிடும்.

24 பிட்ல ரெக்கார்ட் பண்ணுங்க, மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சார்ஜரைக் கழட்டிட்டு லேப்டாப்பை பேட்டரில ஓட்டுங்க. ஒவ்வொரு ராத்திரியும் யாரும் அசையாம 30 செகண்ட் சும்மா ரூமை மட்டும் ரெக்கார்ட் பண்ணி வையுங்க, வெட்டின இடத்தை ஒட்ட அது வேணும்.

வெளியிடறப்போ மைனஸ் 14 லஃப்ஸைத் (பாட்டோட சராசரி சத்த அளவு) துரத்தி அமுக்காதீங்க. ஸ்பாட்டிஃபைல ஆல்பத்தை வரிசையா கேட்டா பாட்டுக்குப் பாட்டு இருக்கிற ஏத்த இறக்கம் அப்படியே நிக்கும். பாட்டும் மெட்டும் உங்களோடதுங்கிறதால பாட்டு எழுதுறவங்களுக்கும் மெட்டுப் போடுறவங்களுக்கும் ராயல்டி வசூலிச்சுத் தர்ற ஐ.பி.ஆர்.எஸ்.ல ரெண்டு வகையிலயும், அதாவது பாடலாசிரியராவும் இசையமைப்பாளராவும், சேருங்க.

கடலோரக் கிடார்:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிச்சு சுருதியை ஏத்துற கிளிப்) போட்டா ஏ வீக்கம் போயிடுமா?

பெரம்பூர் ஒலி:
திறந்த ஸ்ட்ரிங் 123-க்குப் போயிடும், அதனால அது தப்பிக்கும். ஆனா ஆறாவது ஸ்ட்ரிங்ல கேப்போவுக்கு மேல மூணாவது ஃப்ரெட்ல அதே 110 மறுபடி வரும். அந்த பேஸ் நோட் வராத பாட்டுக்கு மட்டும் கேப்போ போடுங்க. மத்ததுக்கு அந்த ரெண்டரை அடிதான்.