ஹெச்ஹெச்டி எக்ஸாம்: எல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா மார்க் வர மாட்டேங்குது

மல்லிப்பூ12:
எல்லாருக்கும் வணக்கம். நான் மெல்பர்ன்ல இயர் 12 படிக்கிறேன், திருச்சியிலருந்து வந்து ரெண்டரை வருஷம் ஆகுது. நர்ஸிங் போகணும்னு ஆசை, அதனால விசிஇல (விக்டோரியா மாநில பிளஸ் டூ மாதிரி) ஹெல்த் அண்ட் ஹியூமன் டெவலப்மென்ட் (ஹெச்ஹெச்டி) எடுத்தேன். ஊர்ல படிச்ச மாதிரியே டெக்ஸ்ட்புக்கை வரி விடாம மனப்பாடம் பண்ணிட்டேன். ஹெல்த் ப்ரமோஷன் பத்தின ஒட்டாவா சார்ட்டரோட அஞ்சு ஆக்‌ஷன் ஏரியா, ஹெல்த்துக்கு அடிப்படைன்னு டபிள்யூஹெச்ஓ சொல்ற ஒன்பது ப்ரீரெக்விசிட், ஐநாவோட 17 எஸ்டிஜி (நிலையான வளர்ச்சி இலக்குகள்), எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். ஆனா போன சாக்ல (ஸ்கூல்லயே வைக்கிற டெஸ்ட்) ஒரு 4 மார்க் கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதி 1 மார்க்தான் வந்துச்சு, ஓரத்துல சிவப்புல "லிங்க்?"னு மட்டும் போட்டிருந்தாங்க, எதோட லிங்க் பண்ணணும்னே புரியல.

கேள்வி இதான்: மெடிகேர் (இங்க அரசாங்கத்தோட ஹெல்த் இன்ஷூரன்ஸ்) ஈக்விட்டியை எப்படி ப்ரமோட் பண்ணுது, அதனால ஹெல்த் ஸ்டேட்டஸ் எப்படி இம்ப்ரூவ் ஆகும்னு எக்ஸ்ப்ளெயின் பண்ணணும். நான் எழுதினது: மெடிகேர் 1984ல வந்துச்சு, டாக்ஸோட சேத்து வருமானத்துல 2% லெவி எடுக்கறாங்க, பப்ளிக் ஹாஸ்பிடல்ல ட்ரீட்மென்ட் ஃப்ரீ, டாக்டர் பல்க் பில் பண்ணினா கையிலருந்து காசு குடுக்க வேண்டாம், அதனால எல்லாரும் ஹெல்தியா இருப்பாங்க.

இதுல என்ன தப்பு? நவம்பர் வேற நெருங்குது. அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் இது ஸ்கேலிங்ல (சப்ஜெக்டுகளை ஒப்பிட்டு மார்க்கை ஏத்தி இறக்கறது) இறங்குற சப்ஜெக்ட், ஏன் எடுத்தேன்னு கேட்டதுலருந்து மனசே சரியில்ல.

நர்ஸிங்_ரெண்டாம்வருஷம்:
தங்கச்சி, முதல்ல ஸ்கேலிங் பயத்தை விடு. இறங்கும்தான், அது உண்மை. ஆனா பிடிக்காத கெமிஸ்ட்ரி எடுத்து 50க்கு 22 வாங்குறதை விட பிடிச்ச இதுல 38, 40 வாங்கினா ஏடாருக்கு (யூனிவர்சிட்டி சேர பாக்கற ரேங்க்) அதுதான் கை குடுக்கும். இங்கிலீஷும் மத்ததுல நல்ல மூணும்தான் முழுசா சேரும், அஞ்சாவது ஆறாவது சப்ஜெக்ட்ல 10% தான் எடுப்பாங்க. இப்ப நர்ஸிங்ல நான் படிக்கிற பப்ளிக் ஹெல்த் யூனிட்ல பாதி இதுல படிச்சதுதான், அதனால தப்பான சப்ஜெக்ட் எடுத்துட்டோம்னு நினைக்கவே நினைக்காத.

இப்ப உன் பதிலுக்கு வரேன். நீ எழுதின ஒவ்வொரு வரியும் சரி, ஆனா ஒண்ணு கூட கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. நீ மெடிகேர்னா என்னன்னு சொல்லியிருக்க, கேட்டது ஈக்விட்டி. ஈக்விட்டின்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கறது இல்ல, யாருக்கு தேவை அதிகமோ அவங்களுக்கு அதிகமா குடுக்கறது. பல்க் பில்லிங் எல்லாம் ஆக்ஸஸ்னு கேட்டா எழுத வேண்டியது. ஈக்விட்டின்னு வந்தா மெடிகேர் சேஃப்டி நெட்டை (செலவு ஒரு அளவை தாண்டினா அதிகமா திருப்பித் தர்றது) எடு, இல்லன்னா லோ இன்கம் ஆளுங்களுக்கு லெவி குறையுது, சில பேருக்கு இல்லவே இல்ல, அதை எடு. அங்கருந்து ஒரு சங்கிலி மாதிரி போகணும், யாருக்கு உதவுது, அதனால அவங்க என்ன பண்ண முடியுது, அதனால எந்த ஹெல்த் ஸ்டேட்டஸ் இண்டிகேட்டர் மாறுது. "ஹெல்தியா இருப்பாங்க"ன்னு முடிச்சா கடைசி மார்க் போச்சு, மார்டாலிட்டியா (இறப்பு) மார்பிடிட்டியா (நோய்) லைஃப் எக்ஸ்பெக்டன்ஸியா டாலியான்னு (நோயாலயும் சீக்கிர மரணத்தாலயும் இழக்கற ஆரோக்கியமான வருஷங்கள்) பேர் சொல்லி எழுதணும். டீச்சர் போட்ட "லிங்க்?" அதுதான்.

வெல்பீயிங்னு கேட்டாலும் இதே கதைதான். ஃபிஸிக்கல், சோஷியல், எமோஷனல், மென்டல், ஸ்பிரிச்சுவல், அஞ்சுல எதுன்னு சொல்லி அதோட குணத்தை எழுதணும். மென்டலும் எமோஷனலும் போட்டு குழப்பாத. ஸ்ட்ரெஸ், தன்னம்பிக்கை, தெளிவா யோசிக்கிறது மென்டல். வர்ற உணர்ச்சியை புரிஞ்சு சமாளிக்கிறது, விழுந்தா எழுந்து வர்றது எமோஷனல். ஸ்பிரிச்சுவல்னா நம்ம ஆளுங்க உடனே கோயில்னு எழுதிடுவாங்க (நானும் முதல் சாக்ல எழுதினேன்). கோயிலும் வரும், ஆனா வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருக்குன்ற உணர்வு, நாம ஒரு இடத்தை சேர்ந்தவங்கன்ற உணர்வு, நம்ம மதிப்பீடுகள்படி நடக்கிறது, இதெல்லாம் அதுல அடங்கும்.

டான்டினாங்_அம்மா:
பிள்ளை, என்ர மகளும் ரெண்டு வருசத்துக்கு முதல் இந்தப் பாடம் எடுத்தவ, நான் பக்கத்தில இருந்து கேள்வி கேட்டுக் கேட்டே எனக்கும் பாடமாப் போச்சு. அவவுக்கு இன்சிடென்ஸும் (ஒரு நோய் புதுசா வந்த ஆக்கள்) பிரவலன்ஸும் (அந்த நோய் மொத்தமா இருக்கிற ஆக்கள்) மாறி மாறிக் குழம்பும். நான் சொன்னன், பள்ளிக்கூடத்தில இந்த வருசம் புதுசாச் சேர்ந்த பிள்ளையள் இன்சிடென்ஸ், இண்டைக்கு மொத்தமா இருக்கிற பிள்ளையள் பிரவலன்ஸ் எண்டு. அதுக்குப் பிறகு பிழைக்கேல்ல.

யூனிட் 4 அவவுக்கு வெறும் பட்டியல் மாதிரித்தான் இருந்தது, ஹியூமன் டெவலப்மென்ட் எண்டா என்னெண்டே விளங்கேல்ல. அப்ப நான் எங்கட ஊர்க் கதையச் சொன்னன். அவவின்ர அண்ணா வயித்தில இருக்கேக்க யாழ்ப்பாணத்தில மருத்துவமாது வீட்டுக்கே வந்து பார்ப்பா, கிளினிக்கில காசில்லாமல் திரிபோஷா மா தருவினம், பள்ளிக்கூடமும் இலவசம். இலங்கை உலக வங்கிக் கணக்கில லோவர் மிடில் இன்கம் நாடு, ஆனா ஐநாவின்ர யூஎன்டிபி போடுற ஹெச்டிஐ எண்ட மனித வளர்ச்சிக் குறியீட்டில ஹை எண்ட பிரிவில நிக்குது. 2016இல மலேரியா இல்லாத நாடெண்டு டபிள்யூஹெச்ஓ அறிவிச்சது. காசு குறைஞ்ச நாடும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் கவனிச்சா சனம் நீண்ட காலம் வாழும், படிக்கும் எண்டு அவவுக்கு அப்பத்தான் விளங்கினது. ஹெச்டிஐக்கு மூண்டு பக்கம், நாலு அளவுகோல்: பிறக்கேக்க லைஃப் எக்ஸ்பெக்டன்ஸி, மீன் இயர்ஸ் ஒஃப் ஸ்கூலிங், எக்ஸ்பெக்டட் இயர்ஸ் ஒஃப் ஸ்கூலிங், ஜிஎன்ஐ பெர் கேபிட்டா. எங்கட கதையோட வைச்சுப் பாருங்கோ, மறக்காது. ஆனா சோதினையில அவை தாற தகவலைத்தான் எடுத்து எழுத வேணும், எங்கட கதை விளங்கிறதுக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை_வகுப்பு:
நான் சில வருஷமா இந்த சப்ஜெக்டுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பாஸ்ட் பேப்பர் பண்றீங்களான்னு நீங்க சொல்லவே இல்லையே? விசிஇ எக்ஸாம் நடத்துற விசிஏஏ சைட்ல பேப்பரும் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டும் ஃப்ரீயாவே இருக்கு. பேப்பரை விட ரிப்போர்ட்தான் தங்கம், எங்க பிள்ளைங்க மார்க் விட்டாங்கன்னு கேள்வி வாரியா போட்டிருப்பாங்க. ஒண்ணு கவனிங்க, 2025லருந்து ஸ்டடி டிசைன் (சிலபஸ்) புதுசு, அதனால பழைய பேப்பர்ல ஒரு கேள்வி வந்தா அந்த விஷயம் இப்பவும் ஸ்டடி டிசைன்ல இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க.

டேபிளோ கிராஃபோ குடுத்து "டேட்டாவை யூஸ் பண்ணி"ன்னு கேட்டா நம்பரை எழுதியே ஆகணும், ஒரு பக்க நம்பர் மட்டும் இல்ல ரெண்டு பக்கமும், யூனிட்டோட. ஒரு லட்சம் பேருக்கு இத்தனைன்னு இருந்தா அந்த ஒரு லட்சத்தையும் எழுதணும். 15 நிமிஷம் ரீடிங் டைம்ல நிறைய மார்க் உள்ள கடைசி கேள்விகளை முதல்ல படிங்க, ரைட்டிங் 2 மணி நேரம்தான், பறந்துடும்.

எஸ்டிஜி 17ஐயும் ஒப்பிக்கிறதுல பெருசா பலன் இல்ல, 3தான் (ஹெல்த்) நடுவுல, மத்தது அதோட எப்படி சேருதுன்னு கேப்பாங்க. சுத்தமான தண்ணி கிடைச்சா வயித்துப்போக்கு குறையும், அண்டர் ஃபைவ் மார்டாலிட்டி குறையும், தண்ணி தூக்கப் போன பொண்ணு ஸ்கூலுக்கு போவா. 6லருந்து (தண்ணி) 3க்கும் 4க்கும் (படிப்பு) 5க்கும் (ஆண் பெண் சமத்துவம்) ஒரே மூச்சுல போயிடலாம்.

மல்லிப்பூ12:
அக்கா, ஆன்ட்டி, சார், ரொம்ப ரொம்ப நன்றி, படிச்சிட்டு அழுகையே வந்துடுச்சு. மறுபடி எழுதிப் பாத்தேன்:

அடிக்கடி டாக்டர்கிட்ட போக வேண்டியவங்களுக்கு கையிலருந்து போற செலவு ஒரு அளவை தாண்டினா மெடிகேர் சேஃப்டி நெட் மூலமா அதிக ரிபேட் கிடைக்கும், கன்செஷன் கார்டு உள்ளவங்களுக்கு அந்த அளவும் கம்மி. இது தேவை அதிகம் உள்ளவங்களுக்கு அதிக உதவி, அதனால ஈக்விட்டி. செலவுக்கு பயந்து ட்ரீட்மென்டை நிறுத்தாம தொடர்ந்து ஸ்பெஷலிஸ்டை பாக்க முடியும், கார்டியோவாஸ்குலர் டிசீஸ் மாதிரி நோய் கட்டுக்குள்ள இருக்கும், அதனால மார்டாலிட்டி ரேட் குறையும்.

நர்ஸிங்_ரெண்டாம்வருஷம்:
இதுதான்டா. கடைசி வரியில எதனால மார்டாலிட்டின்னும் சேத்துடு, "கார்டியோவாஸ்குலர் டிசீஸால வர்ற மார்டாலிட்டி"ன்னு. முன்னாடி எழுதினதை விட சின்னதா இருக்கு பாத்தியா, அதிகமா எழுதணும்னு அவசியமே இல்ல.

அடுத்து ஒட்டாவா சார்ட்டர்ல ஒண்ணு எழுதிப் போடு. பேர் மறந்தா "பேட் கேட்ஸ் ஸ்மெல் டெட் ரேட்ஸ்"னு முதல் எழுத்தை வச்சு (பில்ட், க்ரியேட், ஸ்ட்ரெங்தன், டெவலப், ரீஓரியன்ட்) ஞாபகம் வச்சுக்கோ, எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருந்தோம். ஸ்மோக்கிங் எடுத்துக்கோ, 2012ல வந்த ப்ளெய்ன் பேக்கேஜிங் (சிகரெட் பாக்கெட்ல பிராண்ட் டிசைன் கூடாதுன்ற சட்டம்) எந்த ஏரியான்னு சொல்லிட்டு அங்கருந்து லங் கேன்சர் வரைக்கும் சங்கிலி போட்டு காட்டு.

மல்லிப்பூ12:
பில்ட் ஹெல்தி பப்ளிக் பாலிசி! ராத்திரி டின்னர் முடிச்சிட்டு முழுசா எழுதிப் போடறேன் அக்கா.