ஆரஞ்சு மணக்கும் ஹொரைசன்ஸ்

இப்போது இல்லாத ரைடுகளில் எனக்கு மனசு ஆறாதது ஹொரைசன்ஸ்தான். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 1983 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தார்கள். 1999 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மூடுவதற்குச் சில வருடங்கள் முன்பு அண்ணன் குடும்பத்தோடு போனபோது ஏறினேன்.

வேகம், குலுக்கல் எதுவும் கிடையாது. மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்குகிற பெட்டி, நாலு பேர் உட்காரலாம், பக்கவாட்டிலேயே மெதுவாக நகரும். அந்தக் காலத்து ஆட்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று முதலில் காட்டுவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் விண்கலத்துக்குள் நாயும் கோழியும் மிதந்துகொண்டிருக்கும். அண்ணன் பையன் அந்தக் கோழியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

அப்புறம் பாலைவனத்தில் விவசாயம் செய்யும் காட்சி வரும். பெட்டி அந்தப் பக்கம் திரும்பும்போதே ஆரஞ்சு வாசனை குப்பென்று வந்துவிடும். அப்போதுதான் தோலை உரித்தது மாதிரி. மரங்கள் பொம்மை, அறுவடை செய்வது ரோபோ, எல்லாம் தெரியும். ஆனாலும் தோட்டத்துக்குள் இருக்கிறோம் என்று மூக்கு நம்பிவிடும்.

கடைசியில் எந்த வழியாகத் திரும்பிப் போகலாம் என்று நம்மையே கேட்பார்கள். விண்வெளி, பாலைவனம், கடலடி என்று மூன்று பொத்தான்கள். பெட்டியில் இருப்பவர்களில் அதிகம் பேர் எதை அழுத்துகிறார்களோ அதற்குரிய படம் ஓடும். அண்ணிக்கும் எனக்கும் கடலடி. பிள்ளைகள் இரண்டும் அழுத்தியது விண்வெளி. சரி, கடைசியில் விண்வெளிதான் வந்தது. கையால் செய்த மாதிரிகளின் மேல் கேமராவை ஓட்டி எடுத்த படங்கள் அவை. கணினியில் செய்ததில்லை என்பதை அப்புறம் தெரிந்துகொண்டபோது மதிப்பு இன்னும் கூடியது.

கட்டடத்தையே இடித்துவிட்டு 2003-இல் மிஷன் ஸ்பேஸ் கொண்டுவந்தார்கள். அதுவும் நன்றாகச் செய்த ரைடுதான். ஆனால் சுற்றுகிற சுற்றில் தலைசுற்றல் உள்ளவர்கள் யோசித்துத்தான் ஏற வேண்டும். ஹொரைசன்ஸில் பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம். கால் மணி நேரம் நிதானமாக உட்காரவைக்கும் ரைடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீடியோக்கள் கிடைக்கின்றன, பார்க்கிறேன். வாசனை அதில் வராதே. கடலடிப் பொத்தானை அழுத்தி அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இருந்தால், பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது, என்னவெல்லாம் தெரிந்தது என்று ஞாபகத்தில் இருப்பதை எழுதுங்கள்.