ஆன்லைன் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை, அவசர உதவி

சாக்பீஸ்:
வணக்கம். தொலைநிலைக் கல்வியில பாடம் எடுக்கிறேன், லைவ் கிளாஸ். பதிவு செஞ்சவங்க 62 பேர், போன வாரம் வந்தது 11. அந்தப் பதினொண்ணும் கறுப்புக் கட்டம். "புரியுதா?"ன்னு கேட்டா சத்தமே இல்ல. ஒன்றரை மணி நேரம் சுவரோட பேசிட்டு வர்ற மாதிரி இருக்கு. சனிக்கிழமை அடுத்த கிளாஸ். என்ன செய்யலாம்?

தென்றல்75:
என்ன பாடம்? யுஜியா, பிஜியா? எத்தனை மணிக்கு? பசங்க கையில போனா, லேப்டாப்பா? ரெக்கார்டிங் கொடுக்கிறீங்களா? இது தெரியாம என்னத்தச் சொல்றது?

கண்டிப்பு_வாத்தியார்:
கேமரா ஆன் பண்ணலேன்னா அட்டெண்டன்ஸ் கிடையாதுன்னு சொல்லிடுங்க. முகத்தைப் பார்க்காம பாடம் நடத்த முடியாது.

மல்லி:
சார், நான் ஜவுளிக்கடையில வேலை பார்த்துக்கிட்டே தொலைநிலையில பட்டம் வாங்கினவ. வீட்ல ஒரே ரூம், அஞ்சு பேர். கேமரா கட்டாயம்னு சொன்ன அன்னைக்கே அந்தக் கிளாஸை விட்டுட்டேன். பில் கவுண்டர் பக்கத்துல நின்னு ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்ட பாடம்தான் என்னைப் பாஸ் பண்ண வச்சது.

பழைய_உறுப்பினர்:
இந்தக் கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு. கேட்கிறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கிற பழக்கம் வேணும். 2017ல வந்த ஸ்வயம், அதான் மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளம், அதோட பாட அமைப்பே நாலு பகுதி: வீடியோ, தரவிறக்கிப் படிக்கப் பாடக்குறிப்பு, தன்மதிப்பீட்டுத் தேர்வு, சந்தேகம் கேட்க விவாதக் களம். நீங்க வீடியோவை மட்டும் வச்சு நாலையும் சமாளிக்கப் பார்க்கிறீங்க. அடிப்படையே தப்பு.

ஆறு_நிமிஷம்:
வீடியோவைச் சின்னதாக்குங்க, அவ்வளவுதான். எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் படிப்புத் தளத்துல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த பதிவுகளை அலசி 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆறு நிமிஷத்துக்கு உள்ள இருக்கிற வீடியோதான் நிக்குதுன்னு அதுல இருக்கு.

தென்றல்75:
எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னுதான் அந்த ஆய்வு சொல்லுது. எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு இல்ல. ரெண்டும் வேற.

ஆறு_நிமிஷம்:
பார்க்காம எப்படிக் கத்துப்பாங்க?

பழைய_உறுப்பினர்:
1962ல டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பு ஆரம்பிச்சப்ப வீடியோவா இருந்துச்சு? அச்சடிச்ச பாடம் தபால்ல வரும், விடை எழுதி அனுப்புவாங்க, திருத்தித் திரும்ப வரும். அந்தத் திருத்தம்தான் பாடம்.

கண்டிப்பு_வாத்தியார்:
திருத்தி வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். அந்தக் காலத்தை ரொம்பப் புகழாதீங்க.

சாக்பீஸ்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பி.காம். இரண்டாம் வருஷம், புள்ளியியல். சாயங்காலம் 6 மணி. எல்லாருமே போன், பெரும்பாலும் வேலைக்குப் போறவங்க. ரெக்கார்டிங் கொடுக்கல, கொடுத்தா யாருமே வரமாட்டாங்கன்னு பயம். சனிக்கிழமை எடுக்கப் போறது திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டுற அளவு.

மல்லி:
6 மணிக்குக் கடையில கூட்டம் அலைமோதும் சார். அவங்க வரலைன்னு இல்ல, வர முடியல. ராத்திரி ஒன்பதரைக்கு வச்சுப் பாருங்க.

தென்றல்75:
ரெக்கார்டிங் கொடுங்க. வீடியோ வேணாம், குரல் மட்டும். 32 கேபிபிஎஸ் தரத்துல பதிவு பண்ணினா பத்து நிமிஷப் பேச்சு ரெண்டரை எம்பிகூட வராது. கணக்கைக் கையால எழுதி ஒரு போட்டோ சேர்த்து அனுப்புங்க. போற வழியில போன்லயே கேட்டுப் பார்த்துக்குவாங்க.

லைவ்ல விளக்கம் வேணாம், கணக்குப் போட வையுங்க. "புரியுதா"ன்னு கேட்கவே கேட்காதீங்க, புரியாதவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. இப்படிக் கேளுங்க: ஒரு டீக்கடையில எட்டு நாள் வித்த பன் 2, 4, 4, 4, 5, 5, 7, 9. சராசரி 5. விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினா 32, எட்டால வகுத்தா 4, அதோட வர்க்கமூலம் 2, அதுதான் திட்ட விலக்கம். இதுவரைக்கும் நீங்க போட்டுக் காட்டுங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் தன் பதிவு எண்ணோட கடைசி இலக்கத்தை எட்டு எண்ணோடயும் கூட்டி, மறுபடி போட்டு, விடையை சாட்ல தட்டணும். சராசரி ஆளுக்கு ஆள் மாறும், திட்ட விலக்கம் எல்லாருக்கும் 2தான் வரும். ஏன்னு அவங்களே கேட்பாங்க. அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க.

ஆறு_நிமிஷம்:
குரலும் ஆறு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும்.

கண்டிப்பு_வாத்தியார்:
சாட்ல பக்கத்துல இருக்கிறவன் விடையைப் பார்த்து அடிப்பான். கேமரா வேணும்.

தென்றல்75:
சராசரியையும் சேர்த்துக் கேட்டா காப்பி அடிக்கிறது கஷ்டம். கடைசி இலக்கம் பெரும்பாலும் வேற வேற.

சாக்பீஸ்:
நேத்து கிளாஸ் முடிஞ்சது. ஒன்பதரைக்கு வச்சேன், 27 பேர் வந்தாங்க. 19 விடை. ஆறேழு பேர் வர்க்கமூலம் எடுக்காம 4ன்னு போட்டிருந்தாங்க, அது இத்தனை நாளா எனக்குத் தெரியவே தெரியாது. ஷிப்டுக்குப் போய்க்கிட்டே ஒரு பையன் குரல் பதிவு அனுப்பினான்: "எல்லாம் சேர்ந்து நகர்ந்தா நடுவுல உள்ள இடைவெளி எப்படி சார் மாறும்?" நன்றி. தாளெல்லாம் திருத்தணும், அப்புறம் வர்றேன்.

மல்லி:
மீதி 35 பேருக்குப் பாடத்தோட குரல் பதிவு போய்ச் சேர்ந்துச்சா சார்?