ஒன்பது நாள் உட்கார்ந்தேன், பார்த்தது மூணு மான்

வடகாட்டான்:

போன நவம்பர்ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து வடக்குல ஒன்பது நாள் மான் வேட்டைத் துப்பாக்கி சீசன் முழுக்க மரத்து மேல உட்கார்ந்திருந்தேன். கண்ணுல பட்டது மூணே மூணு. ரெண்டு பெட்டை, ஒரு குட்டி. கொம்பன் வாடையே இல்ல. இதே மரம்தான், இதே ஏணிதான். 2000-ஆம் வருஷம் முதல் நாள் காலையில பத்து மணிக்குள்ள பதினாலு எண்ணியிருக்கேன். அந்த வருஷம் மாநிலம் முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல சுட்டாங்க, அதுதான் ரெக்கார்டு.

மான் ஏன் கொறஞ்சுதுன்னு வேட்டைக் கேபின்ல ராத்திரி பேச்சு வருஷா வருஷம் ஒண்ணுதான்: ஓநாய். நானும் அதை நம்பினவன்தான். நம்பாம என்ன செய்ய? கருக்கல்ல ஏணி ஏறி உட்கார்ந்த கால் மணி நேரத்துல ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊளை, கூடவே நாலஞ்சு சேர்ந்துக்கும். ஒரு நாள் இறங்கி வர்றப்ப, நான் காலையில பனியில பதிச்ச பூட்ஸ் தடத்து மேலயே என் உள்ளங்கை அகலத்துக்குத் தடம். மேல நான் உட்கார்ந்திருக்கறப்பவே கீழ நடந்து போயிருக்கு.

ஆனா 2023 ஏப்ரல்ல பார்த்தது அதைவிட மண்டைக்குள்ள நிக்குது. உதிர்ந்த கொம்பு பொறுக்க சீடர் மரச் சதுப்புக்குள்ள போனேன். குளிர்காலத்துல மான் ஒதுங்குற இடம் அது. மேல அடர்த்தியா மூடியிருக்கும், காத்து அடிக்காது, பனியும் ஆழம் கம்மி. கொம்பு ஒண்ணும் கெடைக்கல. செத்த மான் ஆறு கெடைச்சுது, அதுல அஞ்சு முந்தின கோடையில பிறந்த குட்டி. காக்கா கொத்தினதைத் தவிர பல் பட்ட அடையாளமே இல்ல. காலை மடக்கி, தலையை வயித்துப் பக்கம் திருப்பி, தூங்குறாப்பல கெடந்துது.

ஒரு தொடை எலும்பைக் கோடாலியால உடைச்சுப் பார்த்தேன். நல்லாத் தின்ன மானோட மஜ்ஜை வெண்ணெய் மாதிரி வெள்ளையா, கெட்டியா இருக்கும். இது சிவப்பா கூழ் மாதிரி விரல்ல வழிஞ்சுது. உடம்புல கடைசியாக் கரையற கொழுப்பு அதுதான். பனியில தீனி கெடைக்காம அதையும் கரைச்சுட்டுத்தான் செத்திருக்கு. நிமிர்ந்து பார்த்தா சீடர் இலை எல்லாம் ஒரே உயரத்துல கத்தரிச்ச மாதிரி நின்னுச்சு. பின்னங்கால்ல எழும்பி எட்டுற உயரம் வரைக்கும் மொட்டை.

நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. கேள்விப்பட்டது வேண்டாம், அது கேபின்லயே நெறைய இருக்கு.

கிழட்டு ரைஃபிள்:

தம்பி, தடத்தை உங்க பூட்ஸ் மேலயே பார்த்துட்டு பனியைக் குத்தம் சொல்றீங்க. ஒரு ஓநாய் வருஷத்துக்கு இருபது மான் வரைக்கும் தின்னும்னு இயற்கை வளத் துறைக்காரங்களே சொல்றாங்க. பெருக்கிப் பாருங்க.

ஓநாய் கொன்னதை நான் பார்த்திருக்கேன். ஏரி உறைஞ்சு கெடந்த நேரம். பனிக்கட்டி மேல நாப்பது அடி அகலத்துக்கு ரத்தம், முடி. நடுவுல இரைப்பை மூட்டை மட்டும் அப்படியே கெடந்துது, அதுக்குள்ள இருக்கற தழையை அதுங்க தொடாது. எலும்பெல்லாம் நொறுங்கிக் கெடந்துது. அதைப் பார்த்தவன் வேற காரணம் தேட மாட்டான்.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கே சொல்லக் கூச்சம். 2000-த்தை ஒட்டின வருஷங்கள்ல பெட்டை சுடறதுக்கு டேக், அதாவது அனுமதிச் சீட்டு, அள்ளி அள்ளிக் குடுத்தாங்க. சில பகுதியில முதல்ல ஒரு பெட்டையைச் சுட்டாத்தான் கொம்பனைச் சுடவே அனுமதி. ஒரு சீசன்ல நான் நாலு பெட்டை சுட்டேன். நாலும் என் நெலத்தை ஒட்டின ஒரே மேட்டுல. அந்த மேட்டுல அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஒரு குட்டி பார்க்கல. அதுக்கு ஓநாய் மேல பழி போட முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

ஆற்றங்கரை:

அண்ணன்கள் ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் ஒஹாயோ பக்கம். எங்க ஊர்ல ஓநாயும் இல்லை, பெரிய பனியும் இல்லை. ஆனாலும் ஒரு வருடம் மான் காணாமல் போனது.

செப்டம்பர் முதல் வாரம். கேமரா கார்டை எடுக்கப் போனேன், ஓடைக்கு நூறு அடி முன்னாலேயே நாற்றம். மழை இல்லாத கோடை, ஓடை வற்றி ஓரமெல்லாம் சேறு தெரிந்தது. தண்ணீருக்குள் ரெண்டு, கரையில் அஞ்சு. எல்லாம் நல்ல சதைப்பிடிப்பான மான்கள், ஒன்று ஜூலையிலிருந்து நான் கேமராவில் பார்த்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்த கொம்பன். நாக்கு வீங்கி நீலம் பாரித்து வெளியே தள்ளியிருந்தது.

இஎச்டி என்கிற வைரஸ் காய்ச்சல் அது. கொசுவைவிடச் சின்ன ஒரு கடிப்பூச்சி பரப்புகிறது, அது சேற்றில்தான் பெருகும். காய்ச்சல் கண்ட மான் சூடு தாங்காமல் தண்ணீரைத் தேடிப் போகும், அதனால்தான் பிணம் எல்லாம் ஓடையில். முதல் கடும் உறைபனி விழுந்து பூச்சி செத்ததும் நோய் நின்றுவிடும். மூன்று மைல் தள்ளி என் நண்பர் நிலத்தில் ஒரு மான்கூடச் சாகவில்லை! அவர் நான் கதை விடுகிறேன் என்றே நினைத்தார். அந்த நவம்பரில் அவர் சுட்டார், நான் தெர்மாஸ் காபி குடித்துவிட்டு வந்தேன்.

பிழைத்த மான் சிலவற்றின் குளம்பு பிற்பாடு உரிந்து வரும். அடுத்த வருடம் சுட்ட பெட்டை ஒன்றின் நாலு குளம்பிலும் குறுக்கே வெடிப்புக் கோடு இருந்தது. தாங்கிக்கொண்டது போல.

கார்க்காரன்:

எனக்குத் துப்பாக்கியே வேண்டாம். மூணு வருஷத்துல ரெண்டு மான், ரெண்டும் பம்பர்ல. இதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

செம்புதர்:

நான் மேற்குப் பக்கம், கொலராடோவும் வயோமிங்கும். எங்களுடையது மியூல் டியர், உங்கள் வெள்ளைவால் மான் இல்லை. அது கொல்லைப்புறத்திலும் பிழைக்கும், இது பழகிய வழியை விடாது. வயோமிங்கின் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபாக் வரை 150 மைல் நடக்கிற கூட்டம் உண்டு. அந்த வழியில் வேலி, நெடுஞ்சாலை, எரிவாயுக் கிணறு எது வந்தாலும் இடிக்கும்.

2022-23 குளிர்காலம் முடிந்து ஒரு வேலி ஓரமாக நடந்தேன். இரண்டு மைலில் பத்தொன்பது எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பனி மேலே உருகி மறுபடி உறைந்து ஓடு கட்டிவிட்டது, அதைக் கிளறி கீழே இருக்கிற சேஜ்பிரஷ் என்கிற செம்புதரை எட்ட முடியவில்லை. வயோமிங் ரேஞ்ச் மலைத்தொடர் கூட்டத்தில் ஆய்வாளர்கள் ரேடியோ காலர் மாட்டியிருந்த குட்டிகளில் ஏறக்குறைய ஒன்றும் தப்பவில்லை. தாய் மான்களிலேயே பாதிக்கு மேல் போயிற்று.

கிழட்டு ரைஃபிள் ஐயாவுக்கு ஒன்று. ஐடஹோவில் 1997 முதல் 2003 வரை கயோட்டி என்கிற சின்ன ஓநாய் இனத்தையும் மலைச்சிங்கம் என்கிற பூமாவையும் வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார்கள். ஆங்காங்கே சில குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன, ஆனால் கூட்டம் பெரிதாக ஏறவில்லை. கொலராடோவின் அன்கம்பாக்ரே மேட்டில் தலைகீழாகச் செய்தார்கள். சிங்கத்தையும் கயோட்டியையும் தொடவில்லை, குளிர்காலத்தில் சத்துத் தீவனம் மட்டும் போட்டார்கள். குட்டிகள் பிழைத்தன. அதாவது சிங்கம் தின்றதில் பல, சிங்கம் தின்னாவிட்டாலும் மார்ச்சில் விழுந்திருக்கும்.

அதற்காக யாரும் சோள மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அது ஆய்வுக்காகப் பக்குவம் பார்த்துச் செய்த தீவனம். குளிர்காலத்தில் கிளையும் பட்டையும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று சோளம் போனால் புளித்து, வயிறு நிறைந்த நிலையிலேயே சாகும்.

கிழட்டு ரைஃபிள்:

தீவனம் போட்டுப் பிழைக்க வச்சதை யார் தின்னாங்கன்னும் எழுதியிருப்பாங்களே? சரி, சரி. ஆனா மேற்கு வேற, எங்க காடு வேற. ஆழமான பனியில மான் வயிறு வரைக்கும் புதைஞ்சு நிக்கறப்ப ஓநாய் மேலாக ஓடி வரும். அங்க நல்லாத் தின்ன மானும் தப்பாது. பனியும் ஓநாயும் வேற வேறன்னு பிரிச்சுக் கணக்குப் போட முடியாது.

வடகாட்டான்:

அண்ணே, இது ஒத்துக்க வேண்டிய பேச்சு. எங்க மாநிலத்துல குளிர்காலத்துக்கு மார்க்கு போடுவாங்க: பனி 18 அங்குலம் இருந்தா அந்த நாளுக்கு ஒண்ணு, பூஜ்யம் ஃபாரன்ஹீட்டோ கீழயோ போனா இன்னொண்ணு, டிசம்பர்லேருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும். ஓநாய்க்கு அதுல தனி மார்க்கு இல்ல. ஆனா மார்க்கு ஏறுற வருஷம்தான் ஓநாய்க்கும் விருந்து.

2021 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? ஓநாய் வேட்டை தொறந்து மூணு நாளுக்குள்ள 218 ஓநாய் போச்சு, அனுமதிச்சது 119. அடுத்த நவம்பர் மான் கொட்டும்னு கேபினே காத்திருந்துச்சு. என் ஏணியில இருந்து பார்த்தது நாலு.

புதுத்தோட்டா:

நான் மூன்றாவது சீசன்தான், தவறிருந்தால் மன்னிக்கவும். விஸ்கான்சின் தென்மேற்கு மூலை. எங்கள் பக்கம் மான் இன்னும் கூட்டமாகத்தான் நிற்கிறது. ஆனால் முதல் கொம்பனைச் சுட்டு, தலையைப் பரிசோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, இறைச்சியை வெட்டி உறைபெட்டியில் அடுக்கிவிட்டேன். ரெண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: சிடபிள்யூடி என்கிற, மானை மெல்ல உருக்கிக் கொல்லும் நோய் இருக்கிறது. பார்க்க அவ்வளவு ஆரோக்கியமான மான், முதுகில் விரல் அளவு கொழுப்பு. மனிதருக்கு வந்ததாக உறுதியாகவில்லை என்றாலும் தின்ன வேண்டாம் என்கிறார்கள். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. என் மகன் அந்த மானுக்குப் பெயர்கூட வைத்திருந்தான்.

இந்த நோயால் மான் குறையுமா, இல்லை தின்ன முடியாமல் போவதோடு சரியா?

செம்புதர்:

குறையும் தம்பி. 1967-ல் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனித்தார்கள், உங்கள் மாநிலத்தில் 2002-ல் தெரிய வந்தது. கிருமிகூட இல்லை, மடங்கிக் கெட்டுப்போன ஒரு புரதம். தொற்றி ஒன்றரை, இரண்டு வருடம் மான் நன்றாகவே இருக்கும், அதனால்தான் உங்கள் கொம்பன் கொழுத்திருந்தான். மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வயோமிங்கில் கான்வர்ஸ் கவுண்டி மியூல் டியர் கூட்டம் இந்த நோயால் ஆண்டுக்கு சுமார் 21 சதவீதம் சரிந்ததாகக் கணக்கிட்டார்கள். காட்டில் பிணம் கிடக்காது. தள்ளாடுகிற மானைச் சிங்கம் முதலில் எடுத்துவிடும், பழியும் சிங்கத்துக்கே.

வடகாட்டான்:

நான் இன்னும் சொல்லாத ஒண்ணு. என் ஏணியிலேருந்து ஒன்றரை மைல்ல ஒரு பேப்பர் கம்பெனி நெலம். பத்து வருஷம் முன்னாடி மொத்தமா மரம் வெட்டினாங்க, பார்க்கவே வயிறு எரிஞ்சுது. இப்ப அங்க ஆஸ்பன் மரக்கன்னு என் தலை உயரத்துக்கு நெருக்கமா முளைச்சிருக்கு. டிசம்பர்ல அந்த வழியா நடந்தேன். புழுக்கை, தடம், நுனி கடிச்ச குச்சி, எங்க பார்த்தாலும். கடைசி நாள் என்னைத் தாண்டிப் போன அந்தப் பெட்டையும் குட்டியும் அங்கேருந்துதான் வந்திருக்கும்.

என் மரம் நிக்கற காடு 2000-ல அப்படித்தான் இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷத்துல மரம் வளந்துடுச்சு, அடியில வெளிச்சம் இல்ல, மான் வாய்க்கு எட்டுற உயரத்துல பச்சை இல்ல. நான் அதே ஏணியில ஏறிக்கிட்டே இருக்கேன்.

கிழட்டு ரைஃபிள்:

ஏணியை மாத்துங்க தம்பி, அதுக்கு இவ்வளவு எழுதணுமா.

ஏப்ரல்ல அந்த சதுப்புக்கு நானும் வரேன். எலும்பு அறுக்க ரம்பம் நான் கொண்டு வரேன். வெள்ளை மஜ்ஜை, நொறுங்கின எலும்பு அதிகமா இருந்தா என் கணக்கு. சிவப்பா வழிஞ்சா உங்க கணக்கு. தோத்தவர் நவம்பர்ல ஜெயிச்சவர் மானை வண்டி வரைக்கும் இழுக்கணும்.

வடகாட்டான்:

சரிண்ணே. ரெண்டாவது வாரம் வாங்க, அதுக்கு முன்ன பாதை தெரியாது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கோங்க, உள்ள தண்ணி நிக்கும்.